வெளிநாட்டில் தனியாகக் கலை பயின்று கல்லூரிக் கிரெடிட் பெறுவது எப்படி? ஃப்ளாரன்ஸ் நகரை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கல்லூரியில் இளங்கலை பயிலும் ஒருவர், கல்லூரி நடத்தும் குழுப் பயணம் எதிலும் சேராமல், தாமே திட்டமிட்டு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குச் சென்று ஆறு வாரம் ஓவியம் பயின்றால், அந்த உழைப்பைப் பட்டப்படிப்பின் கிரெடிட் (படிப்பின் உழைப்பை அளக்கும் அலகு) கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் கிரெடிட் கிடைப்பது பயணத்திற்காக அன்று. புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, பொறுப்பேற்ற ஒரு பேராசிரியரால் மதிப்பிடப்படும் வேலைக்காகத்தான். ஊர் திரும்பிய பிறகு ஓவியக் கட்டுடன் பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லும் மாணவருக்கு, அவர் வரைந்தவை எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும், பெரும்பாலான கல்லூரிகள் கையை விரித்துவிடும். ஆகவே கீழே சொல்லப்படும் படிகளை இதே வரிசையில் மேற்கொள்ளுங்கள். கோடையில் செல்வதாக இருந்தால் முந்தைய ஆண்டின் இலையுதிர் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

முதல் படி: எந்த இடத்தை நிரப்பப்போகிறீர்கள் என்று அறிதல்

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 120 செமஸ்டர் கிரெடிட்டுகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் சில பொதுப் பாடங்களுக்கும், சில முதன்மைப் பாடத்திற்கும், எஞ்சியவை விருப்பப் பாடங்களுக்கும் உரியவை. நீங்கள் ஃப்ளாரன்ஸில் செய்யப்போகும் வேலை இவற்றுள் எந்தப் பகுதியில் சேரும் என்பதை உங்கள் கல்வி ஆலோசகரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பப் பாடமாக ஏற்றுக்கொள்வது எளிது. ஓவியத் துறையின் முதன்மைப் பாடமாக ஏற்றுக்கொள்ளத் துறைத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படலாம். இறுதி 30 கிரெடிட்டுகளைச் சொந்தக் கல்லூரியிலேயே முடிக்க வேண்டும் என்னும் விதி பல இடங்களில் உண்டு என்பதால், நான்காம் ஆண்டு மாணவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்தல்

வெளிநாட்டில் உள்ள கலைப் பள்ளி ஏதேனும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, அப்பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே மதிப்பெண் சான்று வழங்குவது முதல் வழி. இத்தாலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நேரடியாகச் சேர்ந்து, ஐரோப்பியக் கிரெடிட்டுகளைப் பெற்று, அவற்றை மாற்றிக்கொள்வது இரண்டாம் வழி. உங்கள் சொந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் தனிநிலைப் படிப்பாக (வகுப்பில் சேராமல் தனியே மேற்கொள்ளும் படிப்பாக) பதிவு செய்துகொண்டு, களமாக மட்டும் ஃப்ளாரன்ஸைத் தேர்ந்துகொள்வது மூன்றாம் வழி. முதல் இரண்டிலும் கிரெடிட் வெளியிலிருந்து மாற்றப்படுவதால் மதிப்பெண் பொதுவாக உங்கள் சராசரியில் சேராது. மூன்றாம் வழியில் கல்லூரியே மதிப்பெண் வழங்குவதால் பெரும்பாலும் சேரும். தமக்கென ஒரு கேள்வியை வைத்திருக்கும் மாணவருக்கு மூன்றாம் வழியே பொருத்தமானது என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி அதைப் பற்றியதே.

மூன்றாம் படி: மேற்பார்வைப் பேராசிரியரைக் கண்டடைதல்

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பாடமாவது நடத்திய, உங்கள் வேலையைப் பார்த்திருக்கிற ஒருவரை அணுகுங்கள். தனிநிலைப் படிப்பை மேற்பார்வையிடும் பேராசிரியர்களுக்குப் பல கல்லூரிகளில் அதற்கென ஊதியம் கிடைப்பதில்லை. ஆகவே அவருடைய நேரத்தை மதிக்கும் வகையில், என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு காலம், அவர் எத்தனை முறை பார்த்துக் கருத்துரைக்க வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படிப்பைப் பட்டக் கணக்கில் சேர்ப்பது நூறாண்டைக் கடந்த நடைமுறை: டெலவேர் பல்கலைக்கழகம் 1923 இல் 8 மாணவர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பியபோதே, பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையும் கல்லூரியின் முன் ஒப்புதலும் அதற்கு அடித்தளமாக இருந்தன.

நான்காம் படி: முன்மொழிவு எழுதுதல்

முழு முயற்சியும் இந்த ஆவணத்தைப் பொறுத்தே நிற்கும். இதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

மணிக்கணக்கிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது, ஏறத்தாழ 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும் வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும் ஆகும். இதைக் கூட்டினால் 45 மணி நேரம் வருகிறது. ஓவியக்கூட வேலைக்கும் இதற்கு இணையான உழைப்பைக் கணக்கிடலாம் என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே 3 கிரெடிட்டுக்கு 135 மணி நேரம். ஆறு வாரத்தில் அதை முடிக்க வாரத்திற்கு இருபத்திரண்டரை மணி நேரம் உழைக்க வேண்டும். 4 கிரெடிட் வேண்டுமென்றால் 180 மணி நேரம், அதாவது வாரத்திற்கு 30 மணி நேரம். அங்கே ஒரு பயிலரங்கில் சேர்ந்து ஐரோப்பியக் கிரெடிட்டும் பெறுவதாக இருந்தால், அங்கு ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிப்பதால், இரண்டு ஐரோப்பியக் கிரெடிட்டை ஓர் அமெரிக்க செமஸ்டர் கிரெடிட்டாகக் கொள்வதே பொதுவான வழக்கம். காலாண்டு முறையில் இயங்கும் கல்லூரிகளில் கணக்கு மாறும். அங்கே 3 காலாண்டுக் கிரெடிட்டுகள் 2 செமஸ்டர் கிரெடிட்டுகளுக்குச் சமம்.

அடுத்தது கேள்வி. “மறுமலர்ச்சிக் கால ஓவியத்தைப் பயில விரும்புகிறேன்” என்று எழுதினால் எந்தக் குழுவும் அதைத் திருப்பி அனுப்பிவிடும், ஏனெனில் அதை எதைக் கொண்டும் அளந்து பார்க்க முடியாது. குறிப்பான கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஃப்ளாரன்ஸின் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில் உள்ள பிரான்காச்சி சிற்றாலயத்தில், 1420களில் மசாச்சோ தீட்டிய சுவரோவியங்களில் ஒன்று ‘வரிப்பணம்’. அதில் உள்ள மாந்தர்கள் மீது ஒளி வலப்புறத்திலிருந்து விழுகிறது. அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான சாளரமும் அத்திசையிலேயே இருக்கிறது. கட்டடத்தின் ஒளியை ஓவியத்தின் ஒளியாக்கும் இந்த முறையை, 1440ஐ ஒட்டி ஃப்ரா ஆஞ்சலிக்கோ சான் மார்கோ மடத்தில் துறவிகளின் சிறு அறைகளில் தீட்டிய ஓவியங்களுடன் ஒப்பிட்டு, இரண்டு இடங்களிலும் நேரில் அமர்ந்து வரைந்து ஆராய்வது ஆறு வாரத்திற்குள் அடங்கும் வேலை. அதைவிட முக்கியமாக, ஃப்ளாரன்ஸுக்குச் செல்லாமல் செய்யவே முடியாத வேலை. “இதை இங்கேயே நூலகத்தில் செய்யலாமே” என்னும் வினாவுக்கு உங்கள் முன்மொழிவிலேயே விடை இருந்தாக வேண்டும். ஒளி விழும் கோணத்தையும், சுவரின் உயரத்தையும், பார்ப்பவர் நிற்கும் இடத்தையும் எந்த அச்சுப் படமும் தந்துவிடாது.

செய்முறைப் பயிற்சியையும் இதே தெளிவுடன் எழுதுங்கள். ஃப்ரெஸ்கோ எனப்படும் சுவரோவிய முறையில், ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மீது நீரில் கலந்த நிறத்தைத் தீட்டுகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது நிறமும் அதனுள் சிறைப்படுகிறது. பூச்சு காய்ந்துவிட்டால் நிறம் பிடிக்காது என்பதால், ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள். அந்த ஒரு நாள் பகுதியை இத்தாலியர் ஜோர்னாட்டா என்கிறார்கள். இதை வாடகை அறையில் செய்ய இயலாது. முறையான பயிலகமும் கற்பிப்பவரும் வேண்டும். அங்கு எத்தனை மணி நேரம் பயில்வீர்கள், கற்பிப்பவரின் தகுதி என்ன, அவர் கையொப்பமிட்டு வருகைச் சான்று தருவாரா என்பவற்றை மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டு, அவருடைய பதிலை முன்மொழிவுடன் இணையுங்கள். அச்சோவியத்தில் நாட்டமுள்ளவர்கள், 1959 இல் பட்டறையாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் பயிற்சிப் பள்ளியாகவும் வளர்ந்த இல் பிசோன்டே போன்ற நிலையங்களை இதே முறையில் அணுகலாம்.

இறுதியாக, ஒப்படைக்க வேண்டியவற்றை எண்ணிக்கையுடன் எழுதுங்கள். 3 கிரெடிட்டுக்கு, தேதியிட்ட 24 கோட்டோவியங்கள், 3 சிறு ஃப்ரெஸ்கோ பலகைகள், 10 பக்கக் கட்டுரை, வாரம் ஒரு முறை பேராசிரியருடன் காணொளி உரையாடல் என்பது நியாயமான அளவு. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் மொத்த மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு என்பதையும் குறித்துவிட்டால் பின்னால் கருத்து வேறுபாட்டுக்கு இடமிருக்காது.

ஐந்தாம் படி: கையொப்பங்கள், பதிவு, பணம்

பேராசிரியர், துறைத் தலைவர், வெளிநாட்டுக் கல்வி அலுவலகம், பதிவாளர் என நால்வரின் ஒப்புதலும் தேவைப்படலாம். ஒவ்வொன்றையும் எழுத்தில் பெற்று, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி விமானச் சீட்டு வாங்காதீர்கள். தனிநிலைப் படிப்பாகப் பதிவு செய்தால், ஃப்ளாரன்ஸ் பயிலகத்திற்குத் தரும் கட்டணத்துடன், சொந்தக் கல்லூரிக்கும் கிரெடிட் அளவில் கட்டணம் செலுத்த வேண்டிவரும் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டரசுக் கல்விக் கடன் பெறுவோர் குறைந்தது அரைநேர மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் இளங்கலை மாணவருக்கு அது 6 கிரெடிட். அந்த அளவை எட்டாத கோடைத் திட்டத்திற்குக் கடன் கிடைக்காது. குறைந்த வருமானக் குடும்ப மாணவருக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையைப் பெறும் அமெரிக்கக் குடியுரிமை கொண்ட மாணவர்கள், கிரெடிட்டுடன் கூடிய வெளிநாட்டுப் படிப்புக்கு அமெரிக்க அரசின் கில்மன் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். பொதுவாக அது 5,000 டாலர் வரை கிடைக்கும்.

ஆறாம் படி: விசாவும் காப்பீடும்

அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசா இன்றித் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டில் எஃப்-1 (மாணவர் விசா) மாணவராக அமெரிக்காவில் பயில்வோர் குறுகிய காலத்திற்கும் ஷெங்கன் விசா (இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பெற வேண்டும். கல்லூரி வழங்கிய ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பம் இருக்கிறதா, திரும்பி வருவதற்கான அமெரிக்க விசா காலாவதியாகாமல் இருக்கிறதா என்பவற்றையும் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 90 நாட்களுக்கு மேல் தங்குவோருக்கு இத்தாலியின் நீண்டகாலக் கல்வி விசா தேவை. அங்கு சென்ற 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஏழாம் படி: அங்கே வேலை செய்தல்

ஒவ்வொரு நாளும் இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வரைந்தீர்கள், என்ன புரிந்தது என்பவற்றை அன்றே எழுதிவிடுங்கள். 135 மணி நேரத்திற்கு இதுவே சான்று. பிரான்காச்சி சிற்றாலயத்திற்கு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளே தங்கும் நேரமும் வரையறுக்கப்பட்டது என்பதால், ஒரே நாளில் எல்லாவற்றையும் வரைந்துவிட எண்ணாமல் பல நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உஃபிட்சி கலைக்கூடம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நுழைவு இலவசம்; ஆனால் அன்று கூட்டம் மிகுதி, அமர்ந்து வரைவதற்கு உகந்த நாள் அல்ல. சிறிய குறிப்பேட்டில் பென்சிலால் வரைவதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. சாய்பலகையும் வண்ணமும் கொண்டு சென்று நகலெடுக்க விரும்பினால் முன் அனுமதி பெற வேண்டும்.

கோட்டோவியங்களை வாரந்தோறும் படமெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். திட்டத்தில் மாற்றம் தேவைப்பட்டால், எடுத்துக்காட்டாக, சீரமைப்புப் பணிக்காக ஓவியம் மறைக்கப்பட்டிருந்தால், அன்றே மின்னஞ்சல் எழுதி மாற்று வேலைக்கு அவருடைய ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள்.

எட்டாம் படி: திரும்பிய பின்

ஈரம் முழுவதும் வற்றாத ஃப்ரெஸ்கோ பலகைகள் கனமானவை, எளிதில் விரிசல் விடுபவை. கொண்டுவர இயலாவிட்டால் நல்ல ஒளியில் நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்து ஒப்படைக்கலாமா என்று புறப்படும் முன்பே கேட்டு வைத்திருங்கள். கட்டுரை, நாட்குறிப்பு, வருகைச் சான்று, ஓவியத் தொகுப்பு ஆகியவற்றைக் குறித்த தேதிக்குள் ஒப்படையுங்கள். தாமதமானால் முழுமையற்ற படிப்பு என்று பதிவாகி, சில கல்லூரிகளில் குறித்த காலத்திற்குப் பின் தானாகவே தோல்வியாக மாறிவிடும். மதிப்பெண் வந்த பின் பட்டக் கணக்கைத் திறந்து, அந்தக் கிரெடிட்டுகள் ஒப்புக்கொண்ட பகுதியில்தான் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முதன்மைப் பாடத்தில் சேர வேண்டியவை விருப்பப் பாடத்தில் போய் விழுந்திருந்தால், கையொப்பமிட்ட முன்மொழிவின் நகலுடன் அடுத்த செமஸ்டர் பதிவு தொடங்குவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் பாட மாற்று விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.