ஐப்பசி மழையில் செட்டிநாடு: முதல்முறை திகில் பயணம் போகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் செட்டிநாட்டின் முகமே மாறிவிடும். வெயில் காலத்தில் பார்த்த அதே தெருவும் அதே வீடுகளும் அந்த மழை இருட்டில் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். மூன்று வருஷமாக இந்த மாதத்தில் தவறாமல் போய் வருகிறேன். இங்கே அச்சம் தருவது ஆளில்லாத வீடுதான். கல்யாணமும் சாப்பாட்டுப் பந்தியுமாகக் கிடந்த இடத்தில் இன்று விளக்கேற்ற ஒரே ஒருவர் இருப்பார். அந்த வெறுமையைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

1. நாளும் தங்குமிடமும்

ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகை நல்லது. தீபாவளி வாரம் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் வந்து வீடெல்லாம் கலகலவென்று இருக்கும். இரண்டு இரவு போதும். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வருகிறது. மதுரை, திருச்சியிலிருந்து பஸ் உண்டு. பழைய வீட்டையே விடுதியாக்கிய இடத்தில் ஓர் இரவாவது தங்குங்கள். கடியாபட்டி சிதம்பர விலாஸ், கொத்தமங்கலம் சாரதா விலாஸ் அப்படிப்பட்டவை. வாடகை கூடுதல்தான், ஆனால் கீழே நான்காவதாகச் சொல்லும் இரவுக்கு அது வேண்டும். பையில் நல்ல டார்ச், குடை, வழுக்காத செருப்பு இருக்கட்டும்.

2. பகலில் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பகலில் ஒரு வீட்டின் அமைப்பு மனதில் பதிந்தால்தான் இரவில் அது பேசுவது புரியும். ஆத்தங்குடி பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற நீளம்! வளவைச் சுற்றி, கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொரு அறை. பர்மா தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர் அது. நடுப்பகலிலும் கை சில்லிடும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், “அண்ணே, பார்த்துட்டுப் போயிரட்டுமா?” என்று நான் கேட்டதும், காவல்காரர் முழங்கை நீளச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். எதிரே ஆள் உயரக் கண்ணாடி. ரசம் போய் அங்கங்கே கறுத்திருந்தது. அதில் நான் தெரிந்தேன், முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. அண்ணாந்தால் முன்னோர் படங்கள் வரிசையாகச் சுவரிலிருந்து முன்பக்கம் சாய்ந்து தொங்கின. கீழே நிற்பவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்றுதான் அப்படிச் சாய்த்து மாட்டுகிறார்கள். நடுவில் நிற்கும்போது அத்தனை பேரும் குனிந்து நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அங்கே வட்டித்தொழில் செய்த இந்த வீட்டுக்காரர்கள் பலருடைய முதல் போனது போனதுதான். பிள்ளைகள் வேறு வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போனார்கள், வீடுகள் பூட்டப்பட்டன. முன்னோருக்குப் படைப்பு வைக்கிற நாளிலும் குடும்ப விசேஷத்திலும் மறுபடி திறக்கும். ஆகவே எந்த வீட்டையும் “பேய் வீடு” என்று சொல்லிவிடாதீர்கள். வயதான ஆச்சி யாராவது திண்ணையில் இருந்தால், “ஆச்சி, உள்ளே வரலாமா?” என்று கேட்டுவிட்டுப் படியேறுங்கள்.

3. பொழுது சாய்வதற்குள் அய்யனார்

திருமயம் கோட்டையைப் பிற்பகலில் பாருங்கள். காரைக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1687ல் சேதுபதி மன்னர் கட்டியது. ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். மழையில் பாறை வழுக்கும், கவனம். அப்புறம் புதுக்கோட்டைச் சாலையில் நமணசமுத்திரம் பக்கத்து அய்யனார் கோயிலுக்குப் போங்கள். வழியின் இரு பக்கமும் சுடுமண் குதிரைகள். அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொண்டுவந்து வைக்கிற புரவி எடுப்புத் திருவிழாவுக்குப் புதிதாகச் செய்து வைப்பார்கள். பழையதை அகற்றமாட்டார்கள், அது தானாக மண்ணாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் தலை இல்லாதவை, கால் போனவை, பாசி பிடித்தவை எல்லாம் நின்றபடி இருக்கும். ராத்திரி அய்யனார் குதிரையேறி எல்லை சுற்றுவார் என்பது ஊர் நம்பிக்கை. குதிரை மேல் கை வைக்காதீர்கள், ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், அதற்குள் கிளம்பிவிடுங்கள்.

4. இரவு

சாப்பிட்டுவிட்டு, விடுதிக்காரரிடம் சொல்லி வளவு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். தூணில் சாய்ந்து அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். முதலில் மழைதான் கேட்கும், நாலு பக்கத்துத் தாழ்வாரமும் முற்றத்தில் கொட்டுகிற சத்தம். பிறகு மேலே ஏதோ “டக்” என்று முறியும். பகல் சூட்டில் விரிந்த தேக்கு, குளிரில் சுருங்கும்போது வருகிற ஓசை அது. வாசலிலிருந்து பின்கட்டு வரை காற்று ஒரே மூச்சில் ஓடுவதால் எங்கோ ஒரு கதவு அடித்துக்கொள்ளும். காரணம் தெரிந்தும் எனக்கு ஒவ்வொரு முறையும் முதுகு கூசுகிறது.

பாழடைந்த வீட்டுக்குள் மட்டும் இரவில் நுழையாதீர்கள். ஊறிய சுவர் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. மழைக்குப் பாம்பும் உள்ளேதான் ஒதுங்கும்.

5. கடைசி நாள் காலை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இடித்த வீடுகளின் கதவு, தூண், எனாமல் பாத்திரம் எல்லாம் வந்து சேருகிற இடம். சென்ற வருஷம் ஒரு கடையில் சுவரோரம் சாய்த்திருந்த படத்தைத் திருப்பினேன். பட்டுப்புடவையில் ஓர் ஆச்சி, மடியில் குழந்தை. பின்பக்க அட்டையில் ரங்கூன் ஸ்டூடியோ முத்திரை. எந்தப் பட்டாலையில் மாட்டியிருந்தார்களோ. விலை கேட்காமல், முகம் தெரிகிற மாதிரி வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.