மண் வீடு கட்டக் கற்றுக்கொள்ள ஊருக்குப் போகிறவர்களுக்கு

சென்ற தை மாதம் நான்கு வார விடுப்பில் இலண்டனிலிருந்து ஊருக்குச் சென்றேன். முதல் இரண்டு வாரம் மண் கட்டுமானப் பயிற்சி, அடுத்த இரண்டு வாரம் திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றங்கரையில் உள்ள எங்கள் தாத்தா வீட்டின் பின்சுவரைக் கற்றபடி எடுத்துக் கட்டுவது என்பது என் திட்டம். பயிற்சி நன்றாக நடந்தது. வீட்டில் ஒரு கூடை மண்ணைக்கூடப் பூசாமல் திரும்பி வந்தேன். என்னைப் போலவே ஆசையோடு புறப்படும் பலரை அறிவேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கே கற்பது என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. ஆரோவில்லில் 1989 முதல் இயங்கிவரும் புவிக் கட்டுமான நிறுவனம், ஐந்து விழுக்காடு அளவுக்குச் சிமெண்ட் சேர்த்து மண்ணை அழுத்திக் கல்லாக்கும் முறையை முறையான வகுப்புகளாகக் கற்பிக்கிறது. கணக்கும் வரைபடமும் விரும்புகிறவர்களுக்கு அது பொருந்தும். சிமெண்டே வேண்டாம், மண்ணைக் காலால் மிதித்துக் கையால் சுவர் வைக்க வேண்டும் என்பவர்களுக்குத் திருவண்ணாமலையில் பிஜு பாஸ்கர் தொடங்கிய தண்ணல் என்ற அமைப்பு இருக்கிறது. நிலத்தைப் பற்றிக் கற்க விரும்புகிறவர்கள் கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2009இல் உருவாக்கிய வானகம் பண்ணைக்குப் போகலாம். பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் ஆஸ்திரேலியாவில் பெர்மாகல்ச்சர் (நிலைத்த வேளாண்மை) என்று பெயரிட்டு எழுதியவற்றில் மூடாக்கு, பல்லடுக்குப் பயிர், மழைநீரை நிலத்திலேயே நிறுத்துதல் முதலியவற்றை அங்கே நம் விவசாயிகளின் சொற்களிலேயே கேட்க முடியும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவோடு வரும் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த விசாவில் சான்றிதழ் தராத, முறைசாராக் குறுகிய பயிற்சிகளுக்கு இடமுண்டு, ஊதியமில்லாத் தன்னார்வப் பணி ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. 72 மணி நேரப் பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பயிற்சி சான்றிதழ் தருவது என்பதால், சேரும் முன் விசா குறித்து எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஒரே பயணத்தில் தோட்டத்தையும் சுவரையும் கற்றுவிட நினைக்காதீர்கள். சுவர் வேலைக்குத் தை முதல் பங்குனி வரைதான் ஏற்ற காலம். ஒன்றரை அடி உயரம் வைத்துவிட்டு, அது இறுகும்வரை காத்திருந்து அடுத்த வரிசை வைக்க வேண்டும், அதற்கு மழையற்ற வெயில் வேண்டும். சமமட்ட வரப்பும் வாய்க்காலும் வெட்டக் கற்பதற்கோ ஆனி, ஆடியில் மண்வெட்டியைப் பிடித்து, ஐப்பசி மழையில் அது நிறைவதையும் பார்க்க வேண்டும். நிறைந்த வாய்க்காலைப் பார்க்காதவருக்கு, வெட்டிய மட்டம் சரியா தவறா என்பது தெரியாமலே போய்விடும்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பயன்பட்டது சுவர் வைத்ததைவிட மண்ணைச் சோதித்ததுதான். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், அடியில் மணலும் நடுவில் வண்டலும் மேலே களியும் தனித்தனியாகப் படியும். களி மிகுந்த கரிசலாக இருந்தால் சுவர் வெடிக்கும். மணலும் வைக்கோலும் கூட்ட வேண்டும், அல்லது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் விட்டு அரைப்பதை அங்கே செய்தபோது எழுந்த வாசனை, சிறுவயதில் பொங்கலுக்கு முன் எங்கள் தெருவில் எழுந்த அதே வாசனை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை நான் நினைக்கக்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு நிலத்தில் இருக்கிறது. பட்டா தாத்தா பெயரில். தாத்தாவுக்குப் பின் அப்பாவும் சித்தப்பாவும் பங்காளிகள். அப்பா என்னோடு இருந்து இலண்டனிலேயே இறந்தார். சுவரைத் தொடும் முன் அப்பாவின் பங்குக்குப் பெயர் மாற்றிவிடலாம், இரண்டு நாள் வேலை என்று நம்பி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். ஒன்பது வேலை நாள்கள் அங்கே கழிந்தன. கிராம நிர்வாக அலுவலர் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். அதற்கு இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். பிரித்தானியச் சான்றிதழில், ஆவணம் மெய்யானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை இல்லையென்றார்கள். அதைப் பிரித்தானியாவில்தான் பெற முடியும். ஒருவழியாகச் சான்றிதழைப் படித்துப் பார்க்கச் சம்மதித்த எழுத்தர், அதிலிருந்த பெயரையும் குடும்ப அட்டையின் பழைய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இது வேற ஆளு பேருங்க” என்றார். குடும்ப அட்டையில் தலைப்பெழுத்தாக இருந்த தாத்தா பெயர் பிரித்தானியச் சான்றிதழில் விரிந்து குடும்பப் பெயராகியிருந்தது. அப்பாவின் பெயர் இரண்டாகப் பிளந்திருந்தது. என் அப்பா என் அப்பாதான் என்று நிறுவ, இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வேண்டும். அதற்கு வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வேண்டும். அவர் மூன்று நாள் கள ஆய்வில் இருந்தார். நான்காம் நாள் அவர் வந்தார், கணினி இயங்கவில்லை.

ஆகவே, மண்வெட்டியைத் தொடும் கனவு இருப்பவர்கள் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு இறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள். பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அங்கிருந்தே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் தருவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஓசிஐ அட்டை உள்ளவர்கள் விவசாய நிலத்தை வாங்க முடியாது; வாரிசாகப் பெறலாம். தோட்டம் போட நிலம் வாங்கித் தருகிறேன் என்று ஊரில் யாராவது சொன்னால் பணத்தை அனுப்பிவிடாதீர்கள்.

பத்தாம் நாள் சித்தப்பா முத்திரைத்தாளோடு வந்தார். அப்பாவின் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அதில் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அவர் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். மண் வீட்டுக்குப் பெண் தர யாரும் முன்வருவதில்லை. இடித்துவிட்டு மெத்தை வீடு கட்ட வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து நாள் நான் கற்றதையெல்லாம், மண்சுவர் கோடையில் வீட்டுக்குள் தரும் குளிர்ச்சியையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவரிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “நீ வந்தா பத்து நாள் இருப்பே. அப்புறம் சுவரை யாருப்பா பூசறது?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மண் வீடு ஆள் புழங்கினால்தான் நிற்கும். ஆண்டுக்கொரு முறை நாட்டு ஓட்டைப் பிரித்து அடுக்கி, மழைக்குப் பின் சுவரைப் பூசி, தரையைச் சாணத்தால் மெழுகினால் தலைமுறைகள் தாங்கும். அப்பாவை நான் அழைத்துக்கொண்ட பின் அதைச் செய்ய அங்கே யாரும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் சுவர் உதிர்கிறது என்றபோது பணம் அனுப்பினேன். அந்தப் பணத்தில் சிமெண்ட் பூசினார்கள். மண்சுவர்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இறங்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடியிலிருந்தே சுவர் கரையும் என்பதைப் பயிற்சியின் மூன்றாம் நாள் கற்றேன். பின்சுவர் விழுந்தது என் பணத்தால்தான். உங்கள் ஊரில் மண்சுவர் இருந்தால், பழுதுபார்க்கப் பணம் அனுப்பும்போதே சிமெண்ட் கூடாது, மண்ணோ சுண்ணாம்போதான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

பத்திரத்தில் நான் கையெழுத்திடவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த தை வரை பொறுக்கும்படி கேட்டேன். புறப்படும் முன்தினம் விழுந்த சுவரின் மண்ணை ஊறுகாய்ப் புட்டி ஒன்றில் போட்டுக் குலுக்கி வைத்தேன். காலையில் பார்த்தபோது, மூன்று பங்கில் மணல் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமாக, களி ஒரு பங்குக்கும் குறைவாகப் படிந்திருந்தது. பயிற்சியில் சொல்லித்தந்த கலவைக்கு மிக அருகில் இருந்தது அது. விழுந்த மண்ணை நனைத்து மிதித்தால் மறுபடி சுவர் வைக்கலாம், வண்டியில் ஏற்றிவிட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் புட்டியைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மண் குவியலின்மேல் தார்ப்பாயை விரித்தபோது, பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.