சவரக்கத்தியின் கூர் கெடுவது தோல் வாரில்தான்

மடக்குச் சவரக்கத்தி வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே ஒரு புகாரோடு வருவார்கள்: "வந்தப்ப அருமையா வழிச்சுது சார், இப்ப முடியைப் பிடிச்சு இழுக்குது." பழி கத்தி செய்த கம்பெனி மேலோ, கல்லில் தீட்டிக் கொடுத்தவர் மேலோ விழும். பெரும்பாலும் இருவர் மேலும் குற்றம் இருக்காது. சவரத்துக்கு முன்னால் தோல் வாரில் தேய்க்கிறோமே, கூர் போனது அங்கேதான். தேய்க்காமல் விட்டுக் கெட்ட கத்திகளைவிட அழுத்தித் தேய்த்துக் கெட்ட கத்திகள்தான் அதிகம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இப்போது நம்மூர் சலூன்களில் கையாள்வது, பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டும் கத்தி. ஒருவருக்கு ஒரு பாதி, வேலை முடிந்ததும் குப்பைக்கு. அதற்குத் தோல் வார் தேவையே இல்லை. இங்கே பேசுவது நிரந்தர அலகு கொண்ட கத்தியைப் பற்றி. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய ஊர்கள் இந்த வகைக் கத்திக்கும் பேர் வாங்கியவை.

கல்லும் தோலும் செய்வது ஒரே வேலை என்று நினைப்பது முதல் தவறு. கல் இரும்பைத் தேய்த்தெடுத்துப் புதிதாகக் கூர் அமைக்கும். வெறும் தோல் அப்படி எடுப்பது மிகமிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத அளவில் சாய்ந்திருக்கும் விளிம்பை நேராக்கி, துடைத்து, மெருகேற்றும், அவ்வளவுதான். முடி எஃகைவிடப் பல மடங்கு மென்மையானது, அது எப்படிக் கத்தியைக் கெடுக்கும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, 2020இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். முடி வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறதாம். அவர்கள் பார்த்தது கடைகளில் விற்கும் சாதாரண ரேஸர் பிளேடு. ஆனாலும் முடி பட்டால் எஃகும் தேயும் என்பது அதிலிருந்து தெளிவாகிறது. பெயர்ந்துபோன இடத்தைத் தோல் ஒட்டவைக்காது. சாய்ந்த விளிம்பை மட்டும்தான் அது நிமிர்த்தும்.

சரி, தேய்ப்பதற்கு வருவோம். கத்தியின் தடித்த பக்கத்தை முதுகு என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் இழுபட்டு வர வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வார் கிழிவது நேராகப் போகும்போது அல்ல, திரும்பும் இடத்தில். பழகியவர் வைத்திருக்கும் பழைய வார் கிடைத்தால் பாருங்கள், பிறை வடிவக் கீறல்கள் இரண்டு கோடிகளில்தான் இருக்கும், நடுவில் அபூர்வம்.

அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அலகுக்கும் பிடிக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்து இருக்கிறது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். கோடிக்கு வந்ததும் கத்தி முழுசாக நிற்க வேண்டும். பிறகு விரல்கள் கழுத்தை உருட்ட வேண்டும், மணிக்கட்டு அசையக் கூடாது. முதுகு தோலைவிட்டு எழும்பாமல் அங்கேயே கிடக்க, கூர்ப்பக்கம் மட்டும் மேலே எழுந்து மறுபக்கம் வந்து படுக்கும். அது முழுதாகப் படுத்த பிறகுதான் கை நகர வேண்டும். புதியவர்கள் இரண்டு இடங்களில் அவசரப்படுவார்கள்: கத்தி நிற்பதற்குள் உருட்டுவார்கள், அல்லது கூர் படுப்பதற்குள் இழுப்பார்கள். முதலாவதில் தோல் வெட்டுப்படும். இரண்டாவதில் தோல் தப்பிக்கும், ஆனால் கூரின் கடைசி நூலிழை மடங்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது, கன்னத்தில் வைக்கும்போதுதான் தெரியும்.

சமையல் கத்தி தீட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே முதுகைச் சற்றுத் தூக்கி, கோணம் பார்த்துத் தீட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் கத்தி ஒரே நாளில் மழுங்கிவிடும். சவரக்கத்தியில் கோணத்தை நாம் தீர்மானிப்பதில்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்தே இரண்டு பக்கமும் கூட்டி சுமார் 16, 17 டிகிரியை அமைத்துவிடுகின்றன. முதுகு, கூர் இரண்டும் தோலில் பட்டபடி படுக்கவைத்தால் போதும். கையின் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலை இல்லை. முதுகு ஒரு மயிரிழை எழும்பினாலும் கூர் அதிகக் கோணத்தில் தோலை உரசி உருண்டுவிடும்.

அழுத்தமும் தொய்வும் பார்க்க வெவ்வேறு தவறுகள், பலன் ஒன்றுதான். கொக்கியில் மாட்டிய வாரைத் தளர்வாகப் பிடித்தால் நடுப்பகுதி தொய்யும். அந்தத் தொய்வில் கத்தி போகும்போது தோல் கூரைச் சுற்றி மேலேறி அதை உருட்டும். இறுக்கமாக இழுத்துப் பிடித்துவிட்டு, கத்தியை அழுத்தினாலும் அதேதான் நடக்கும், தோல் பள்ளமாகிக் கூரை அணைத்துக்கொள்ளும். எனவே வார் விறைப்பாக இருக்க வேண்டும், கத்தி தன் எடையில் போக வேண்டும். கையின் வேலை கத்தி தோலைவிட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும். சரியாகப் போகும் கத்தி, போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி "ஸ்ஸ்" என்று ஒலிக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒலி கனத்தால் அந்தப் பக்கம் கை அழுத்துகிறது. நடுவில் ஒலி அறுந்தால் அந்த இடத்தில் அலகு தோலைத் தொடவில்லை.

தொய்வைச் சமாளிக்க முடியாதவர்கள் மரப்பலகையில் ஒட்டிய தோலில் தொடங்கலாம். தொங்கும் வாரில்தான் கற்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகையில் திருப்பம் கைவந்தபின் வாருக்குப் போனால் ஒரு நல்ல தோல் மிஞ்சும்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சினிமாவில் பட்பட் என்று அடிப்பது கேமராவுக்காக. மெதுவாக, சரியாகப் போனால் போதும். வேகம் பழகப்பழகத் தானே வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

அலகு அரைச் சாண் கூட இல்லை, சுமார் மூன்று அங்குலம்தான். ஆனால் பல வார்களின் அகலம் இரண்டு அல்லது இரண்டரை அங்குலம். நேராக இழுத்தால் நுனியோ அடிப்பக்கமோ தோலில் படாமலே போகும். மூக்குக்குக் கீழே மட்டும் கத்தி இழுக்கிறது என்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம், அங்கே வேலை செய்வது நுனிதானே. தேய்க்கும்போதே கத்தியை மெல்லக் குறுக்காகவும் நகர்த்தி, அடிப்பக்கத்தில் தொடங்கி நுனியில் முடிக்க வேண்டும்.

எத்தனை முறை என்ற கேள்விக்கு வழக்கமான பதில்: போய் வருவது ஒரு சுற்று என்றால், வாரின் கேன்வாஸ் துணிப் பக்கத்தில் 20 முதல் 30, அப்புறம் தோலில் 40 முதல் 60. இதைச் சவரத்துக்கு முன் செய்ய வேண்டும். கைப்பிடித்தம் தவறாக இருக்கும்போது 60ஐ 200 ஆக்கினால் அந்தத் தவறு 200 முறை நடக்கும்.

இனி பசை. குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசையை வாரோடு சேர்த்தே விற்கிறார்கள், அரை மைக்ரான் அளவுத் துகள்கள் கொண்டது. புதியவர்கள் அதை ஏதோ தைலம் என்று நினைத்துத் தங்களிடம் உள்ள ஒரே தோலில் பூசிவிடுவார்கள். அது இரும்பைத் தேய்த்தெடுக்கும் பொருள். பூசிய தோல் அந்த நிமிடமே ஒரு மெல்லிய தீட்டுக்கல் ஆகிவிடுகிறது. திரும்ப வெறும் தோலாக்குவது பெரும்பாடு. பசை வேண்டுமானால் தனிப்பலகை, தனித்தோல். கத்தி இழுக்கத் தொடங்கும்போது மட்டும் பத்துச் சுற்று, பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு வெறும் தோலுக்கு வர வேண்டும். தினமும் பசையில் தேய்ப்பவரின் கூர் நாளடைவில் முட்டை வடிவாகப் புடைத்துவிடும்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். தோல் காய்ந்துவிட்டது என்று எண்ணெய் ஊற்றினால் ஊறிப்போய்த் தொளதொளக்கும், தூசியும் ஒட்டும். சுத்தமான, காய்ந்த உள்ளங்கையால் வாரை மேலும் கீழும் சூடேறத் தேய்த்தால் அதிலேயே போதுமான பதம் வந்துவிடும், தூசியும் போகும். ஒரு மணல்துகள் இருந்தாலும் கூரில் பல் விழும் என்பதால் தேய்க்கும் முன் கையால் தடவிப் பார்ப்பது நல்லது.

சவரம் முடிந்ததும் ஈரக்கத்தியை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. துடைத்து, துணிப் பக்கத்தில் சில சுற்று மட்டும் விட்டு, திறந்தபடி காயவைத்துப் பிறகு மடக்கலாம். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் கார்பன் எஃகு துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது. சில நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கலாம். அடுத்த முறை வாருக்குப் போகும் முன் அதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.

கூர் பார்க்கிறேன் என்று நகத்தில் உரசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அரைமணி நேர உழைப்பு அந்த ஒரு உரசலில் போய்விடும். முன்கை முடியில் தோலைத் தொடாமல் மேலாக ஓட்டிப் பாருங்கள், போதும்.

வார் கிழிந்துவிட்டால் உடனே தூக்கிப் போட வேண்டாம். ஓரத்துக் கீறல் என்றால் எழும்பி நிற்கும் செதிலை 400 எண் உப்புத்தாளால் சமனாக்கிவிடலாம். நடுவில் ஆழமாக வெட்டியிருந்தால் தோல் ஒட்டும் கோந்தால் ஒட்டி, காய்ந்தபின் தேய்த்து, விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விரலுக்குத் தட்டுப்பட்டால் கூருக்கும் தட்டுப்படும். இதெல்லாம் ஒழுங்காக இருந்து, பொறுமையாக 50 சுற்று தேய்த்தும் கத்தி இழுக்கிறது என்றால் தோலோடு மல்லுக்கட்டாதீர்கள். 12,000 கிரிட் என்ற மிக நுண்ணிய தீட்டுக்கல்லிலோ, பெல்ஜியத்து கோட்டிக்யூல் என்ற இயற்கைத் தீட்டுக்கல்லிலோ வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.