தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர்வதற்கு முன்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், "வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிடலாம்" என்ற பேச்சைப் பல வீடுகளில் கேட்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் எழுத்தைக் காட்டும் பொறுப்பு கடைசித் தெரிவாகக் கருதப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேர எண்ணும் மாணவர், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் தம்மை எவ்வாறு சோதித்துப் பார்த்து, எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்ளலாம் என்பதைத் தமிழ்நாட்டுச் சூழலை வைத்து இங்கே எழுதுகிறேன்.

படி 1: காரணத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, "நான் ஏன் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறேன்?" என்ற கேள்விக்கு ஒரு பக்கத்தில் விடை எழுதுங்கள். "குழந்தைகள் என்றால் பிடிக்கும்" என்பதே பெரும்பாலும் முதல் வரியாக வரும். அதை அடித்துவிட வேண்டியதில்லை; ஆனால் அதன் கீழே, நீங்கள் யாருக்காவது எதையாவது புரியவைத்த ஒரு நிகழ்ச்சியை நாள், இடம், பேசிய சொற்கள் ஆகியவற்றுடன் எழுதுங்கள். தம்பிக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்ததாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியதாகவும் இருக்கலாம். எழுத எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம், அடுத்த படி அதற்காகவே இருக்கிறது.

அரசு வேலை, ஊருக்குள்ளேயே பணி, கோடை விடுமுறை போன்ற காரணங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். அவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அவை மட்டுமே இருந்தால், பயிற்சியின் முதல் சில மாதங்களிலேயே மனம் சோர்ந்துவிடும் என்பது நான் பார்த்த அளவில் உண்மை.

படி 2: ஒரே ஒரு குழந்தையோடு மூன்று வாரம் உட்காருங்கள்

இந்த விளக்கத்தில் ஒரு படியை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதையே செய்யுங்கள். உறவிலோ தெருவிலோ, ஒன்று அல்லது இரண்டாம் வகுப்பு படிக்கும் குழந்தை ஒன்றைப் பெற்றோரின் இசைவோடு நாளொன்றுக்கு அரை மணி நேரம் சந்தியுங்கள். முதல் வாரம் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். குழந்தை படிப்பதையும் எழுதுவதையும் கணக்குப் போடுவதையும் பார்த்து, அது சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வலியுறுத்துவதற்கு என் அனுபவத்தில் ஒரு காரணம் உண்டு. பயிற்சிக்குப் போவதற்கு முன் நான் அமர்ந்து கவனித்த சிறுமி ஒருத்தி, புத்தகத்தில் படத்துக்குக் கீழே இருந்த 'படகு' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "பானா, டானா, கூனா" என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கப்பல்" என்றாள். அவளுக்கு மூன்று எழுத்துகளின் பெயர்களும் தெரிந்திருந்தன. ஆனால் பெயரைச் சொல்வதிலிருந்து ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்குவதற்கு நகர வேண்டும் என்பதை யாரும் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. "சரியாகப் பார்த்துப் படி" என்று நான் சொல்லியிருந்தால் அவள் அடுத்த முறை "ஓடம்" என்றிருக்கக்கூடும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, 'ப', 'பட', 'படகு' என்று ஒவ்வொரு எழுத்தாகத் திறந்து காட்டி, ஒலியை நீட்டிச் சேர்த்துச் சொல்லவைத்தபோது நான்காவது நாளில் அவளாகவே 'படகு' என்றாள். அதன்பின் 'நகம்', 'மரம்' என்று படம் இல்லாத சொற்களையும் தானே சேர்த்துப் படித்தாள். குழந்தையின் தவறான விடைக்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதே ஆசிரியரின் முதல் வேலை என்பதை அவளிடம்தான் கற்றேன்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில், நீங்கள் கண்டுபிடித்த ஒரே ஒரு இடரை மட்டும் எடுத்துக்கொண்டு உதவுங்கள். ஒவ்வொரு நாளும் எதைச் செய்தீர்கள், குழந்தை என்ன செய்தது, நாளை எதை மாற்றப்போகிறீர்கள் என்று மூன்று வரி எழுதினால் போதும். இந்த மூன்று வாரம் உங்களுக்குச் சலிப்பை மட்டுமே தந்ததென்றால், வேறு படிப்பைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்கும் நல்லது, குழந்தைகளுக்கும் நல்லது.

படி 3: ஒன்றாம் வகுப்பிலிருந்து மீண்டும் படியுங்கள்

பிளஸ் டூவில் உயர்கணிதம் படித்தவருக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு குழந்தை 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதுவதைப் பாருங்கள். பத்துகளில் நான்கிலிருந்து ஒன்று போய் மூன்று. ஒன்றுகளில் இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஐந்து. குழந்தை ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது, அந்த விதிதான் தவறு. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வரி இதைத் தீர்க்காது. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சிகளும் குழந்தையின் முன் வையுங்கள். பதினேழை எடுத்துத் தரச் சொன்னால், ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சிகளைத் தர முடியாது என்பதைக் குழந்தையின் கையே கண்டுகொள்ளும். இப்படி விளக்க உங்களால் முடிகிறதா என்று கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சோதித்துப் பாருங்கள்.

அரசின் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் ல, ள, ழ ஒலிப்பையும் ந, ன, ண வேறுபாட்டையும் நீங்களே பிழையின்றிச் சொல்லிப் பழகுங்கள், ஏனென்றால் குழந்தை உங்கள் வாயைப் பார்த்துத்தான் கற்கும். ஆங்கிலத்தில் அச்சம் இருப்பவர்கள் இந்த ஐந்து ஆண்டுப் பாடநூல்களை உரக்கப் படித்தாலே பாதித் தயக்கம் நீங்கும்.

படி 4: கையும் குரலும்

கரும்பலகை எழுத்து நோட்டு எழுத்தைப் போன்றதன்று. என் முதல் பயிற்சி வகுப்பில் நான் எழுதியது கடைசி வரிசைக் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. ஒரு சிறுவன் எழுந்து முன்னால் வந்து நின்ற பிறகுதான் அது எனக்கு உறைத்தது. வீட்டுச் சுவரிலோ தரையிலோ சாக்பீஸால் நான்கு விரல் உயரத்துக்கு நேர்வரியில் எழுதிப் பழகுங்கள். குழந்தைகளோடு பாட ஐந்து பாட்டும், நூலைப் பார்க்காமல் சொல்ல மூன்று கதையும் கைவசம் இருக்கட்டும்.

படி 5: படிப்பையும் அதன் பின்னுள்ள வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்

இது இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும், அதாவது மக்கள் 'டயட்' என்று அழைக்கும் அரசு நிறுவனங்களிலும், தனியார் நிறுவனங்களிலும் இதைப் படிக்கலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பிளஸ் டூவில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் கேட்கின்றன. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிகளில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால், பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். தனியார் நிறுவனம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அதற்குக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பட்டயம் பெற்றதும் வேலை கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும். அதன் முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் முப்பது முப்பதாக மொத்தம் 150 மதிப்பெண்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டின் அரசாணை 149-இன்படி, தகுதித் தேர்வில் வென்றவர்கள் அரசுப் பணிக்குத் தனிப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர் (தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிப்பவருக்கு அரசு வைத்துள்ள பெயர்) பணிக்கான அத்தகைய தேர்வு 2024 ஜூலையில் நடந்தது. மறுபுறம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி தேவைப்படும் பணி என்பதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே விதிக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும்போது, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் உங்கள் முன் அமர்ந்திருக்கும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை வகுப்பைக்கொண்டு அல்லாமல், கற்றல் நிலையைக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரித்தது. வாய்ப்பு கிடைத்தால், தலைமையாசிரியரின் இசைவு பெற்று உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு நாள் முழுவதும் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு குழுவுக்குக் கற்பிக்கும்போது மற்றக் குழு என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனித்து எழுதுங்கள்.

படி 6: நோட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்

மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். அதே கோப்பில், முதல் படியில் தொடங்கிய நோட்டையும் வையுங்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு குழந்தையைப் பற்றித் தனியாள் ஆய்வு எழுதச் சொல்லுவார்கள். பலர் அப்போதுதான் எந்தக் குழந்தையை எடுப்பது என்று தேடத் தொடங்குவார்கள். உங்களிடம் மூன்று வாரத்துக் குறிப்புகள், ஒரு குழந்தையின் சொற்களிலேயே, ஏற்கெனவே இருக்கும்.