ஹல்ட்ரெஸ் முப்பது அல்ல: டேனிஷ் எண்ணுப்பெயரைப் பிரிக்கையில் நேரும் பிழைகள்

டேனிஷ் மொழியில் அறுபதின் பெயர் ட்ரெஸ். ஐம்பதின் பெயர் ஹல்ட்ரெஸ். முன்னே நிற்கும் ‘ஹல்’ அரையைக் குறிக்கும் என்று அறிந்தவுடன், அறுபதில் பாதி முப்பது என்று கணக்கிட்டுவிடுவது புதிதாகப் பயில்வோர் எளிதில் செய்யும் பிழை. வால் அறுந்த தொகைச்சொல்லை முழுச்சொல்லாகக் கருதுவதால் வரும் வினை இது.

அதன் முழுவடிவம் ஹல்ட்ரெஸின்ஸ்ட்யூவெ. அதில் ‘மூன்றாவதில் பாதி’, ‘மடங்கு’, ‘இருபது’ (ட்யூவெ) என மூன்று உறுப்புகள் உள்ளன. மூன்றாவதில் பாதி என்பது, இரண்டு முழுதாக முடிந்து மூன்றாவது பாதியளவு நிறைந்த நிலை, அதாவது 2½; அதை இருபதால் பெருக்க 50 கிடைக்கிறது. ‘இரண்டரை’ என்று முடிந்த எண்ணை முன்வைத்துப் பழகிய நமக்கு, இன்னும் நிறையாத எண்ணைக் கொண்டு பெயரிடும் இம்முறை முதலில் தலைகீழாகவே தோன்றும். கடிகார நேரமும் அப்படித்தான்: ‘ஹல் ட்ரே’ என்றால் இரண்டரை மணி, மூன்றரை என்று எண்ணிச் சென்றால் ஒரு மணி நேரம் தாமதமாகும்.

எழுத்துக்கூட்டலைக் கூர்ந்து பார்த்தாலே முதற்பிழையைத் தவிர்த்துவிடலாம். ஐம்பதின் பெயரில் ஒலிக்காத ‘டி’ (d) எழுத்து ஒன்று உண்டு. ‘மூன்று’ என்ற சொல்லிலிருந்து வந்த அறுபதில் அது இல்லை. அது ‘மூன்றாவது’ என்பதன் எச்சம். இறுதியிலுள்ள ‘எஸ்’ எழுத்தையும் பன்மை விகுதி என்று கொள்ளலாகாது. மடங்கைக் குறிக்கும் உறுப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

இருபதின் கணக்கு பிடிபட்டதும் அதை எல்லா எண்களிலும் தேடுவது அடுத்த பிழை. நாற்பதைக் குறிக்கும் ‘ஃப்யோரெ’வின் பழைய முழுவடிவத்திலும் ‘ட்யூவெ’ இருந்தது. ஆனால் அங்கே அது ‘பத்துகள்’ என்ற பழஞ்சொல்லின் தேய்வு. அதை இருபது என்று கொண்டால் நாற்பது எண்பதாகிவிடும். நான்கு இருபதுகளால் ஆன உண்மையான எண்பதின் பெயர் ‘ஃபிர்ஸ்’.

முழுவடிவம் வழக்கொழிந்தது என்பதும் அரைகுறை உண்மையே. ஐம்பது என எண்ணும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. ‘ஐம்பதாவது’ என வரிசையைக் குறிக்கும்போது, மூன்று உறுப்புகளும் குறையாமல் ‘ஹல்ட்ரெஸின்ஸ்ட்யூவென’ என்றே இன்றும் சொல்கிறார்கள்.