ஐரோப்பா என்றாலே ஐரோப்பிய ஒன்றியமா? கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுத்துகள்களை ஆராயும் செர்ன் ஆய்வகத்தை ஐரோப்பிய ஒன்றியம் நடத்துகிறது என்று எழுதுவது பலரும் செய்யும் தவறு. ஐரோப்பா என்றவுடன் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ்தான் நினைவுக்கு வருவதால் இப்படி ஆகிறது. உண்மையில் கல்வி, அறிவியல், பண்பாடு மூன்றிலும் ஐரோப்பிய நாடுகள் பல அமைப்புகள் வழியாக ஒத்துழைக்கின்றன. ஒவ்வொன்றிலும் உறுப்பினர் பட்டியல் வேறு, விதி வேறு.

செர்ன் பிறந்த கதையைப் பார்த்தாலே இது விளங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பிய இயற்பியலாளர்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வகம் அமைக்க வேண்டும் என்ற யோசனையை 1949 டிசம்பரில் லோசான் நகரில் நடந்த ஐரோப்பியப் பண்பாட்டு மாநாட்டுக்கு முன்வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி டி பிராய். அடுத்த ஜூனில் யுனெஸ்கோவின் பொது மாநாடு புளோரன்ஸில் கூடியது. இப்படிப்பட்ட வட்டார ஆய்வகங்களுக்கு யுனெஸ்கோ உதவ வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவந்தவர் அமெரிக்கத் தரப்பிலிருந்து வந்த இயற்பியலாளர் ஐசிடோர் ராபி. தன் நாட்டுக்கே போட்டியாக வரக்கூடிய ஓர் ஆய்வகத்துக்கு அவர் வழி திறந்துவிட்டார் என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம். 1953இல் 12 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1954 செப்டம்பர் 29 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட ரோம் உடன்படிக்கை கையெழுத்தானதோ 1957இல்தான்.

உறுப்பினர்களைப் பாருங்கள். செர்ன் அமைந்திருக்கும் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் சேரவே இல்லை. பிரிட்டன் 2020இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது, செர்னில் தொடர்கிறது. இஸ்ரேல் ஐரோப்பாவிலேயே இல்லை, ஆனாலும் 2014 முதல் முழு உறுப்பினர். இந்தியா 2017இல் இணை உறுப்பினர் ஆனது. அதற்கு வெகு முன்பே, 2004இல், இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த நடராஜர் சிலை அந்த வளாகத்தில் நிற்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையும் இதே போல ஒன்றியத்துக்கு வெளியே தனியாக உருவான அமைப்புதான்.

அடுத்த குழப்பம் 'கவுன்சில்' என்று முடியும் பெயர்களால் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாட்டுத் தலைவர்கள் கூடும் 'ஐரோப்பியக் கவுன்சில்' ஒன்று, அமைச்சர்கள் கூடும் 'ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில்' ஒன்று. மூன்றாவது, ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து இயங்கும் ஐரோப்பா கவுன்சில். 1949இல் தொடங்கிய இது ஒன்றியத்தின் பகுதியே அல்ல. 2022இல் ரஷ்யா நீக்கப்பட்ட பிறகு இதில் 46 நாடுகள் இருக்கின்றன. நீல நிறத்தில் 12 நட்சத்திரங்கள் கொண்ட கொடியை இந்த அமைப்புதான் 1955இல் முதலில் ஏற்றுக்கொண்டது. ஒன்றியம் 1980களில்தான் அதை எடுத்துக்கொண்டது. அதனால் கொடியைப் பார்த்து எந்த அமைப்பு என்று முடிவு செய்யாதீர்கள். முழுப் பெயரைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் யுனெஸ்கோவின் உறுப்பினர் என்று எழுதுவதும் சரியல்ல. உறுப்பினர்களாக இருப்பவை தனித்தனி நாடுகள். ஒன்றியத்துக்குப் பார்வையாளர் இடம்தான். ஆனால் பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மைத்தன்மை பற்றிய யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மட்டும் ஒன்றியம் தன் பெயரிலேயே 2006இல் சேர்ந்தது. பண்பாட்டுப் பொருட்களின் வணிகமும் அதில் வருகிறது, வணிகக் கொள்கையோ ஒன்றியத்தின் கையில் இருக்கிறது.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் அந்த இடம் யுனெஸ்கோவின் பொறுப்பில் போய்விடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இல்லை. பராமரிப்பும் முடிவும் அந்தந்த நாட்டுடையவை. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எல்பே பள்ளத்தாக்கின் நடுவே பாலம் கட்டியபோது யுனெஸ்கோவால் அதைத் தடுக்க முடியவில்லை. 2009இல் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தது, அவ்வளவுதான். 2021இல் லிவர்பூலுக்கும் அதுவே நடந்தது.

கடைசியாக, மாணவர்களுக்கு நேரடியாக நஷ்டம் தரக்கூடியது. 'யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கும் வேலை யுனெஸ்கோவுக்குக் கிடையாது.

ஒரு நாட்டுப் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கு ஐரோப்பாவில் இருப்பது லிஸ்பன் உடன்படிக்கை. யுனெஸ்கோவும் ஐரோப்பா கவுன்சிலும் சேர்ந்து 1997இல் கொண்டுவந்தது. ஒரு நாட்டுப் பட்டத்துக்கும் இன்னொரு நாட்டுப் பட்டத்துக்கும் கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று காட்ட முடிந்தால் ஒழிய, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். வேறுபாட்டை நிரூபிக்க வேண்டியது மதிப்பிடும் அதிகாரிகளே, மாணவர் அல்ல. எவ்வளவு நல்ல விதி! ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளும் இதில் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் இல்லை. ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பட்டத்துக்கு இந்த உடன்படிக்கையைச் சுட்டி உரிமை கோர முடியாது.

நாடுகளின் உயர்கல்விப் பட்டங்களை ஒப்பிடத்தக்கவையாக்கும் பொலோனியா நடைமுறையையும் இத்தோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். 1999இல் 29 நாடுகளின் அமைச்சர்கள் பொலோனியாவில் கையெழுத்திட்ட அறிவிப்பு அது. சட்டப்படி கட்டாயப்படுத்தும் ஒப்பந்தமும் அல்ல, ஒன்றியத்தின் திட்டமும் அல்ல. அதில் சேர ஐரோப்பா கவுன்சிலின் 1954ஆம் ஆண்டுப் பண்பாட்டு உடன்படிக்கையை ஏற்றிருக்க வேண்டும். கஜகஸ்தான் 2010இல் அப்படித்தான் உள்ளே வந்தது. மாணவர் பரிமாற்றத்துக்குப் பெயர்பெற்ற எராஸ்மஸ் மட்டும் ஒன்றியத்தின் சொந்தத் திட்டம். அதிலும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புகளுக்கு நம் மாணவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

சரி, பட்டம் செல்லுமா என்று எங்கே கேட்பது? ஒவ்வொரு ஐரோப்பிய நாட்டிலும் இதற்கென ஒரு தகவல் மையம் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் முதலில் அனபின் தரவுத்தளத்தில் தங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பார்க்கட்டும், செலவில்லாமல் பார்க்கலாம். அப்புறம் இன்னொன்று: மேற்படிப்புக்குப் பட்டத்தை ஏற்பதும் வேலை செய்ய உரிமம் தருவதும் வேறு வேறு. மருத்துவர்களும் செவிலியர்களும் அந்த நாட்டின் தொழில்சார் அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் அந்த உரிமம் தானாக வராது.