அசோகு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் ஊற்றுங்கள், ஆடு மாடு கடிக்காமல் வேலி போடுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக அசோகு வைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

நெட்டிலிங்கத்தை வாங்கி வருவது

அசோகு என்று நினைத்து நெட்டிலிங்க மரக்கன்றை வாங்கிவிடுகிறார்கள். இலையைப் பாருங்கள். அசோகில் ஒரே காம்பில் ஜோடி ஜோடியாக இருக்கும். நெட்டிலிங்கத்துக்குத் தனித்தனி இலை, ஓரம் நெளிந்திருக்கும்.

விதையைக் காயவைத்துச் சேமிப்பது

காய்ந்தால் முளைக்காது. நெற்று வெடித்து விழுந்ததும் விதைத்துவிடுங்கள்.

வெட்டவெளியில் நடுவது

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையோரம், பெரிய மரங்களின் நிழலில் வளரும் மரம் இது. கன்றுக்கு உச்சி வெயில் ஆகாது. வாழைக்கு நடுவில் வைத்தால் நிழலும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கும்.

பட்டையைச் சுற்றிலும் உரிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். தெரிந்தவர் தோட்டத்தில் ஆண்டுதோறும் கொத்துக் கொத்தாகப் பூத்த மரம். மருந்துக்கென்று பட்டை கேட்டு வந்தவர், இடுப்பு உயரத்தில் ஒரு முழத்துக்கு மரத்தைச் சுற்றி உரித்துக்கொண்டு போனார். இலையெல்லாம் பச்சையாகவே இருந்தது. "ஒண்ணும் ஆகலையே" என்று தோட்டக்காரரும் விட்டுவிட்டார்.

அந்தப் பச்சைதான் ஏமாற்றும். வேரிலிருந்து தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது, அதனால் இலை உடனே வாடாது. ஆனால் இலை தயாரிக்கும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். வளையமாக உரித்தால் அந்த வழி அறுந்துபோகும். வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்து, பட்டினியில் சாகும். அப்புறம்தான் உச்சி காயும். அதற்குள் காலம் கடந்துவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் அடுத்த கோடையில் மரம் மொத்தமாகக் கருகியது.

பட்டைக்காக வெட்டி வெட்டியே காட்டில் அருகிவரும் மரம் இது. கட்டாயம் வேண்டுமென்றால், நன்கு முற்றிய மரத்தில் ஒரு பக்கம் மட்டும், நீளவாக்கில், குறுகலாக ஒரு கீற்று எடுங்கள். உள்கட்டையில் கத்தி படக் கூடாது. அந்தக் காயம் மூடும்வரை மறுபக்கத்தைத் தொடாதீர்கள். கவாத்து செய்த கிளையில் எடுத்தால் இன்னும் நல்லது.

காரணம் தெரியாமல் கஷாயம் குடிப்பது

அதிக உதிரப்போக்குக்கு அசோகப் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்திலும் இதுதான் முக்கியச் சரக்கு. சரி, ஆனால் உதிரப்போக்குக்குக் கருப்பைக் கட்டி, தைராய்டு, ஏன் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் கஷாயத்தை நம்பி இருந்தால் உள்ளே இருக்கும் நோய் முற்றிவிடும்.

கர்ப்பிணிகள்

அசோகப் பட்டை மருந்தைத் தாங்களாகச் சாப்பிடவே கூடாது.